முன்பாரமும் வேகமும்: சிறு பயண டிரெய்லர்கள் சாலையில் ஏன் ஆடுகின்றன?

ஒன்டாரியோவில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை மாலைகளில் 400ஆம் நெடுஞ்சாலை வடக்கு நோக்கி நிரம்பிவிடும். கார்களுக்குப் பின்னால் படகுகள், மடக்குக் கூடார வண்டிகள், நான்கு பேர் படுத்துறங்கக்கூடிய சிறு பயண டிரெய்லர்கள் என்று வரிசை நீளும். மூன்று கோடைகளுக்கு முன்பு அந்த வரிசையில் நாங்களும் இருந்தோம். பேரி நகரைத் தாண்டி பாரி சவுண்ட் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது இடப்புறத் தடத்தில் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று எங்களைக் கடந்தது. அதன் முகப்பு எங்கள் டிரெய்லரின் பின்பக்கத்தை எட்டியபோது யாரோ கைவைத்துத் தள்ளியது போல டிரெய்லரின் வால் வலப்பக்கம் போயிற்று. லாரி முன்னேறியதும் இடப்பக்கம் இழுபட்டது. இரண்டாவது வீச்சு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது; மூன்றாவதில் காரின் பின்பகுதியே இருக்கைக்கு அடியில் நகர்வதை உணர்ந்தேன். இடப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் முழுதாகத் தெரிந்து மறைந்தது. அடுத்த நொடி வலப்பக்கக் கண்ணாடியில் மறுபக்கச் சுவர் தெரிந்தது. வேகமானி 108 கி.மீ. காட்டியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் 90க்குக் கீழே வந்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது.

அந்தச் சில நொடிகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலில் தள்ளியது லாரியின் காற்றுதான் என்றாலும், லாரி போன பிறகும் ஆட்டம் வளர்ந்துகொண்டே இருந்தது. பிறகு, பதற்றத்தில் நான் செய்த வேறெதற்கும் அடங்காமல், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அது தானாக ஓய்ந்தது. லாரிக் காற்று, பக்கக் காற்று, சாலையின் பள்ளம், திடீர்த் திருப்பம் எல்லாமே தூண்டுதல்கள் மட்டும்தான். சாலையில் இறங்கிய எவரும் அவற்றைத் தவிர்க்க முடியாது. தூண்டப்பட்ட ஆட்டம் தேயுமா வளருமா என்பது, வீட்டு வாசலில் எந்தப் பொருளை எங்கே ஏற்றினோம் என்பதிலும், பிறகு எந்த வேகத்தில் ஓட்டினோம் என்பதிலும்தான் பெரும்பாலும் முடிவாகிறது. கடைகளில் விற்கும் ஆட்டத் தடுப்புக் கருவிகள் அவற்றுக்கு அடுத்தபடியாகத்தான் வருகின்றன என்பதே, அன்றைக்குப் பிறகு நான் படித்தும் அளந்தும் எடைபோட்டும் வந்து சேர்ந்த முடிவு.

காரின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டின்மீது டிரெய்லரின் முனையில் உள்ள கிண்ணம் கவிந்து பூட்டிக்கொள்கிறது. அந்த இணைப்பு எந்தப் பக்கமும் திரும்பக்கூடியது. திரும்பாவிட்டால் வளைவுகளில் வண்டி போக முடியாது. ஆகவே டிரெய்லரை நேராக வைத்திருப்பது இணைப்பு அல்ல, அதன் டயர்கள்தான். டிரெய்லர் சற்று விலகினால் அதன் சக்கரங்கள் நோக்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. அந்தக் கோணத்தால் டயரில் பக்கவாட்டு விசை பிறந்து டிரெய்லரை நடுவுக்குத் தள்ளுகிறது. நடுவுக்கு வந்ததும் அது நின்றுவிடுவதில்லை. ஊஞ்சலைப் போல, வந்த விசையில் மறுபக்கம் போகிறது.

ஊஞ்சல் ஓய்வதற்குக் காற்றின் தடையும் கொக்கியின் உராய்வும் காரணம் என்றால், டிரெய்லரின் ஊஞ்சலாட்டம் ஓய்வதற்கும் அதே டயர்கள்தான் காரணம். வேகத்தின் பங்கு இங்கேதான் நுழைகிறது. ஆட்டத்தின்போது டிரெய்லரின் சக்கரங்கள் பக்கவாட்டில் நொடிக்கு அரை மீட்டர் நகர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் போகும்போது, அந்தப் பக்கவாட்டு நகர்வு டயரில் சுமார் 2 பாகைக் கோணத்தை உண்டாக்கும். 100 கி.மீ. வேகத்தில் அதே நகர்வு 1 பாகையைத்தான் உண்டாக்கும். கோணம் பாதியானால் டயரின் எதிர்ப்பும் ஏறத்தாழப் பாதியாகும். வேகம் கூடக் கூட, ஆட்டத்தை ஒடுக்கும் கை தளர்ந்துகொண்டே போகிறது.

இதில் காரும் வெறுமனே நிற்பதில்லை. இணைப்புக் குண்டு காரின் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் அல்லது அதற்கும் மேல் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், ஆடும் டிரெய்லர் காரின் வாலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கார் சற்றுத் திரும்புகிறது. அதனால் குண்டு நகர்கிறது. அந்த நகர்வு டிரெய்லரின் அடுத்த வீச்சுக்கு விசை கொடுக்கிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவது போன்றது இது. தள்ளுவதற்கான ஆற்றல் வண்டியின் முன்னோட்டத்திலிருந்தே கிடைக்கிறது என்பதால் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு வேகத்தில் டயர்கள் ஒடுக்குவதும் கார் தள்ளிவிடுவதும் சமமாகின்றன. அதை மாறுநிலை வேகம் எனலாம். அதற்குக் கீழே ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடச் சிறிது. அதற்கு மேலே ஒவ்வொன்றும் பெரிது. ஒவ்வொரு கார், டிரெய்லர், சுமைக் கூட்டணிக்கும் இந்த வேகம் வேறுபடும். அதே காரும் டிரெய்லரும் ஒருநாள் 130 கி.மீ. வரை அமைதியாகவும், சுமை இடம் மாறிய இன்னொரு நாள் 100க்குள்ளேயே ஆடவும் கூடும். மாறுநிலைக்குச் சற்றுக் கீழே ஓடும் வண்டி ஓட்டுநருக்கு எந்த எச்சரிக்கையும் தராது. லாரி கடக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த வேகத்தை எது உயர்த்துகிறது, எது தாழ்த்துகிறது என்பதற்கு நம் மாட்டுவண்டிக்காரர்களிடம் சொல் இருக்கிறது. இரட்டைச் சக்கர வண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி அலையும். பயண டிரெய்லரின் முனை இணைப்புக் குண்டை எவ்வளவு எடையோடு கீழ்நோக்கி அழுத்துகிறதோ, அதற்கும் முன்பாரம் என்ற அந்தப் பழஞ்சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன். வட அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் விதி, சுமையேற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது.

இதைக் கண்ணால் காட்டும் எளிய செய்முறை ஒன்று உண்டு. நடைப்பயிற்சி இயந்திரத்தின் ஓடும் பட்டைமீது ஒரு பொம்மைக் காரைக் கட்டி நிறுத்தி, அதன் பின்னால் ஒற்றை அச்சுள்ள ஒரு சிறு பலகை வண்டியை மாட்டுவார்கள். பலகையின்மீது எடைக்கட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கட்டிகள் அச்சுக்கு முன்னால் இருக்கும்போது விரலால் தட்டினால் பலகை இரண்டு முறை ஆடி நேராகிவிடும். அதே கட்டிகளை அச்சுக்குப் பின்னால் நகர்த்தி, அதே வேகத்தில், அதே விரலால் தட்டினால் ஆட்டம் வளர்ந்து, இறுதியில் பொம்மைக் காரையும் இழுத்துக்கொண்டு பலகை கவிழும். எடை கூடவில்லை, வேகம் மாறவில்லை. கட்டிகளின் இடம் மட்டுமே மாறியது. அச்சைத் தாங்குமுனையாகக் கொண்ட சீ-சா பலகை போலப் பின்பாரம் ஒரு பக்கம் வீசும்போது, முனை மறுபக்கம் காரின் வாலைத் தள்ளுவதே இதற்குக் காரணம்.

முன்பாரத்தைச் சரியாக்கிவிட்டால் போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். போதாது. எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பாடநூல்களில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான்: அச்சிலிருந்து தூரம் இரட்டித்தால், சுழற்சியை நிறுத்துவதற்கான கடினம் நான்கு மடங்காகும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜோஸ் டார்லிங்கும் அவருடைய குழுவினரும் எடையையும் அச்சின் இடத்தையும் மாற்றியமைக்கக்கூடிய ஒரு சோதனை டிரெய்லரைச் செய்து ஓட்டிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, வேகமாகப் போகும்போதைய நிலைப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை இந்தச் சுழற்சி நிலைமமும் முன்பாரமும் அச்சின் இடமும்தான் என்று காட்டியது. ஆகவே முன்பாரம் குறைந்துவிட்டது என்று, பின்னால் இருக்கும் கனத்தை அப்படியே விட்டுவிட்டு முனையில் இன்னொரு கனத்தை ஏற்றுவது பாதித் தீர்வுதான். சதவீதம் சரியாகிவிடும், ஆனால் இரு நுனியிலும் குண்டு மாட்டிய இரும்புத் தண்டு போல டிரெய்லர் ஆகிவிடும். ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமானவை அச்சுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னும், தரைக்கு ஒட்டியும் இருக்க வேண்டும்.

எங்களுக்கு அன்று நடந்ததை எண்களாகப் பார்த்தால் இது விளங்கும். துணிமணி, பாத்திரம், எரிவாயு உருளை எல்லாம் ஏற்றிய டிரெய்லரின் எடை 1,400 கிலோ. இணைப்புக் குண்டிலிருந்து அச்சு வரை 3.5 மீட்டர். அந்த நிலையில் முன்பாரம் 168 கிலோ, அதாவது சரியாக 12 சதவீதம். குறையொன்றும் இல்லை. ஆனால் டிரெய்லரை வாங்கிய கடையில் பின் பம்பரில் சைக்கிள் தாங்கி ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். அதனால் முன்பாரம் என்னவாகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாங்கியும் மூன்று சைக்கிளுமாக 70 கிலோ, அச்சுக்கு 2.8 மீட்டர் பின்னால் தொங்கியது. நெம்புகோல் கணக்கின்படி அது முன்பாரத்தில் 56 கிலோவைக் குறைக்கும். முகாமில் நல்ல தண்ணீர் கிடைக்குமோ கிடைக்காதோ என்று 100 லிட்டர் தொட்டியை வீட்டிலேயே நிரப்பியிருந்தோம். தொட்டி அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் இருக்கிறது. அது இன்னொரு 40 கிலோவைக் குறைத்தது. 168 கிலோ 72 கிலோவானது. மொத்த எடையோ 1,570 ஆனது. 12 சதவீதம் 5க்கும் கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேல், அந்த 70 கிலோ 2.8 மீட்டர் தள்ளி இருந்ததால், அச்சிலிருந்து 30 செ.மீ.க்குள் வைத்திருந்தால் எவ்வளவு சுழற்சி நிலைமத்தைச் சேர்த்திருக்குமோ அதைப்போல் எண்பது மடங்குக்கு மேல் சேர்த்தது. இப்போது தொட்டியில் 20 லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு, தாங்கியைக் கழற்றிவிட்டு, சைக்கிள்களை டிரெய்லருக்குள் அச்சுக்கு நேர் மேலே படுக்கவைத்துக் கட்டுகிறோம். முன்பாரம் 160 கிலோ, 11 சதவீதத்துக்கு ஒட்டி நிற்கிறது. அதே சாலையில் அதே லாரிகள் கடந்து போகின்றன. ஒரு சிறு அசைவோடு சரி.

இந்த எடையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சமதளத்தில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பயணத்தின்போது இணைப்பு இருக்கும் அதே உயரத்தில் முனையை நிறுத்தி, முனையிலுள்ள ஜாக்கியின் காலைக் குளியலறை எடைமானியின்மீது இறக்கினால் முன்பாரம் தெரிந்துவிடும். எடைமானியின் கொள்ளளவு போதாவிட்டால் உறுதியான ஒரு மரச்சட்டத்தை எடுத்து, ஒரு முனையை எடைமானியின்மீதும் மறுமுனையை அதே உயரமுள்ள செங்கல்லின்மீதும் கிடத்த வேண்டும். தாங்கல்களுக்கு இடையே 90 செ.மீ. இருக்கட்டும். செங்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஜாக்கியை இறக்கினால் எடைமானி மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். சட்டத்தின் எடைக்காக முதலில் காட்டிய எண்ணைக் கழித்துவிட்டு, மீதியை மூன்றால் பெருக்க வேண்டும். மொத்த எடைக்கு, லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை நிலையங்களிலுள்ள எடைமேடையே வழி. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். தயாரிப்பாளரின் விளம்பரத் தாளில் உள்ள வெற்று எடையை நம்பிக் கணக்குப் போடுவதைவிட அந்தப் பத்து நிமிடம் பெரிதல்ல. மின்கலம், எரிவாயு, தண்ணீர், குளிர்சாதனம், சமையல் சாமான் எல்லாம் சேர்ந்தால் வெற்று எடையோடு சில நூறு கிலோ சுலபமாகக் கூடிவிடும்.

காரின் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. வாங்கும்போது பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். வட அமெரிக்காவில் நடுத்தரக் குடும்ப எஸ்யூவிகள் பலவற்றுக்கு இழுவைத் திறன் 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ என்று போட்டிருக்கும். அதே பக்கத்தில் சிறிய எழுத்தில் முன்பார வரம்பு 350 பவுண்டு, அதாவது 159 கிலோ என்று இருக்கும். 12 சதவீத முன்பாரம் வேண்டுமென்றால் 159 கிலோ வரம்புக்குள் இழுக்கக்கூடிய டிரெய்லர் 1,325 கிலோதான். பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பி 1,550 கிலோ டிரெய்லரை வாங்கியவர், ஒன்று காரின் வரம்பை மீற வேண்டும், இல்லையேல் முன்பாரத்தைக் குறைத்து ஆட்டத்தை விலைக்கு வாங்க வேண்டும். ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரையிட்ட சீட்டு சொல்லும் ஏற்றுச்சுமைக்குள் ஆட்களும் பெட்டிகளும் மட்டுமல்ல, முன்பாரமும் அடங்க வேண்டும். அந்தச் சீட்டு 450 கிலோ என்றால், நால்வர் 280, பெட்டிகள் 60, முன்பாரம் 150 என்று கூட்டும்போதே 490 ஆகிவிடுகிறது.

லண்டனிலும் ஜெர்மனியிலும் உள்ள உறவினர்கள் இந்த 10 சதவீதத்தைக் கேட்டால் வியப்பார்கள். ஐரோப்பாவில் காரவன் எனப்படும் பயண டிரெய்லர்களுக்கு 4 முதல் 7 சதவீதம் போதும் என்பதே வழக்கு. பல கார்களின் குண்டுக்கு 75 முதல் 100 கிலோ வரைதான் அனுமதி. அங்கே இயற்பியல் வேறல்ல, வேகம் வேறு. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் கார் ஆட்டோபானில் பொதுவாக 80 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. 100 கி.மீ. போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு டிரெய்லர் டயர்கள் 6 ஆண்டுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. பிரிட்டனில் மோட்டார்வேக்களில் வரம்பு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கி.மீ.; மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள இடங்களில் வலதுகோடித் தடத்துக்கே டிரெய்லர் போகக்கூடாது. கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் 55 மைல், ஏறத்தாழ 88 கி.மீ.தான். ஒன்டாரியோவிலோ கார் போகும் 100 கி.மீ.யில், சில இடங்களில் 110இல், டிரெய்லரும் போகலாம். சட்டம் அனுமதிப்பதால் அது உங்கள் வண்டிக்கு ஏற்ற வேகம் ஆகிவிடாது. ஒரு கண்டத்தின் முன்பார விதியை எடுத்துக்கொண்டு இன்னொரு கண்டத்தின் வேகத்தில் ஓட்டுவதுதான் ஆபத்து. என்னைக் கேட்டால், டாலர் ஒன்றும் செலவில்லாத, எல்லாவற்றையும்விடப் பயன்தரும் ஆட்டத் தடுப்பு 90 முதல் 95 கி.மீ.யில் வலப்புறத் தடத்தில் போவதுதான்.

சிறிய டிரெய்லர் என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணுவதற்கில்லை. 1968இல் கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ உருவாக்கிய போலர் என்ற 13 அடிக் கண்ணாடியிழை முட்டை வண்டியிலிருந்து இன்று மினசோட்டாவில் செய்யப்படும் ஸ்கேம்ப் வரை, இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் ஒற்றை அச்சில் ஓடுபவை. இரட்டை அச்சு டிரெய்லரில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் இடைவெளிவிட்டு நிற்பதால், சுழல்வதையே அவை எதிர்க்கின்றன. ஒற்றை அச்சுக்கு அந்தத் துணை இல்லை. முனைச் சட்டமும் குட்டையாக இருந்தால் நெம்புகோல் நீளம் குறைந்து, டிரெய்லர் சட்டென்று திரும்பும். இதற்கு எதிர்த்தட்டில் சிறிய வண்டிக்கு உள்ள அனுகூலம், காரைவிட எடை வெகுவாகக் குறைந்திருப்பது. வாலை ஆட்டும் அளவுக்கு அதற்குக் கனம் இருக்காது. ஆகவே சின்ன டிரெய்லரைச் சின்னக் கார் இழுக்கும்போதுதான் இரண்டு பாதகமும் ஒன்றாகச் சேர்கின்றன.

டயரின் காற்றழுத்தம் ஒரு நிமிட வேலை. டிரெய்லர்களுக்கென்று செய்யப்படும் டயர்களின் பக்கச்சுவர் கார் டயரைவிட விறைப்பானது. காற்று குறைந்தால் அந்த விறைப்பு போய்விடும், பக்கச்சுவர் நெளியும், ஆட்டத்தை ஒடுக்கும் விசை தாமதமாகும். காரின் பின் டயர்களுக்கும் இது பொருந்தும். டிரெய்லர் சமமாக, அல்லது முனை மிகச் சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். முனை மேல்நோக்கி நின்றால் எடை பின்னுக்குச் சரியும். இதைச் சரிசெய்யத் தாழ்வான குண்டுத் தாங்கி ஒன்றை வாங்கி மாற்றினால் போதும்.

இனி கருவிகள். முன்பாரம் 150 கிலோ, பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இறங்கும்போது, 2.75 மீட்டர் அச்சிடைவெளி உள்ள காரின் முன் அச்சிலிருந்து 60 கிலோ உயர்ந்துவிடும். பின் அச்சு 210 கிலோவை ஏற்கும். முன் சக்கரம் இலேசாவதால் ஸ்டியரிங் மந்தமாகும். எடைப் பகிர்வு இணைப்பு என்பது இரண்டு வில் தண்டுகளை வளைத்து இறுக்கி, முன் அச்சு இழந்ததை அதற்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. இது காரைச் சமமாக்கும். டிரெய்லரின் ஆட்டத்தை அது மட்டும் தடுக்காது. விற்பவர்கள் இவை இரண்டையும் குழப்பிப் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். சில சிறு எஸ்யூவிகளில் இந்த இணைப்பைப் பயன்படுத்தக்கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும் என்பதால், வாங்குமுன் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

ஆட்டத்தைத் தடுப்பவற்றில் எளியது, காருக்கும் டிரெய்லர் முனைக்கும் இடையே பொருத்தும் உராய்வுத் தண்டு. கைப்பிடியை இறுக்கினால் தண்டு நீளவும் குறுகவும் மறுக்கும்; அந்தப் பிடிவாதம் ஆட்டத்தின் ஆற்றலைத் தின்னும். பின்னோக்கி ஓட்டுமுன் அதைக் கழற்ற வேண்டும், மறந்தால் வளையும். வழுக்கும் சாலையில் தளர்த்திவிட வேண்டும். ஐரோப்பாவில் அதே உராய்வை, குண்டையே இரு பக்கமும் இறுகப் பற்றும் அல்-கோ நிறுவன வகை இணைப்புகள் தருகின்றன. உராய்வின் குறை என்னவென்றால், அதன் அளவு வேகத்தோடு கூடுவதில்லை. ஆட்டத்தின் ஆற்றலோ வேகத்தோடு கூடுகிறது. சிறு அசைவுகளை அது அழகாக அமுக்கிவிடும்; மாறுநிலை வேகத்துக்கு மேலே தூக்கியெறியப்பட்ட டிரெய்லரை அது பிடித்து நிறுத்தாது. சிறு அசைவுகள் தெரியாமல் போவதால் ஓட்டுநர் இன்னும் வேகமாகப் போகத் துணிவதுதான் என் கவலை. பின்பாரம் ஏற்றிய டிரெய்லருக்கு உராய்வுத் தண்டு மாட்டுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் வெப்பமானியை மறைப்பது போன்றது.

அடிப்படையிலேயே வேறான வழி, ஹென்ஸ்லி, புரோபிரைட் ஆகிய இணைப்புகளில் இருக்கிறது. நான்கு சட்டங்களைக் கோணமாகப் பூட்டி, டிரெய்லர் திரும்பும் மையத்தை குண்டிலிருந்து காரின் பின் அச்சை நோக்கி முன்னே நகர்த்திவிடுகிறார்கள். டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளினாலும் காரின் வாலைத் திருப்புவதற்கு அதற்கு நெம்புகோல் கிடைப்பதில்லை. பிக்அப் லாரியின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே பூட்டிக்கொள்ளும் ஐந்தாம் சக்கர டிரெய்லர்கள் இவ்வளவு ஆடாததற்கும் இதே காரணம். ஆனால் இவ்விணைப்புகளின் சொந்த எடையும் விலையும் சிறு டிரெய்லருக்குப் பொருந்துவதில்லை. மின்னணுத் தடுப்பு பயனுள்ளது: டிரெய்லர் ஆடும் லயத்தைக் காரின் உணரிகள் கண்டுகொண்டு, காரின் சக்கரங்களை மாறி மாறிப் பிரேக் பிடித்து எஞ்சினின் விசையையும் குறைக்கும், அல்-கோவின் கருவி போன்றவை டிரெய்லரின் பிரேக்கையே இயக்கும். கார்களில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு 2012 மாடலிலிருந்து அமெரிக்காவில் கட்டாயம் என்றாலும், டிரெய்லர் ஆட்டத்தை உணரும் பகுதி எல்லாக் கார்களிலும் இல்லை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? நான் அன்று ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன். காரின் பிரேக்கையும் தொட்டேன். இரண்டும் தவறு. ஒரு முழு வீச்சு முடிய ஒன்று முதல் இரண்டு நொடி ஆகும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை திரும்பி, டயர் வேலை செய்யத் தொடங்குமுன் அதில் பாதி போய்விடும். நாம் வலப்பக்க வீச்சுக்குக் கொடுத்த மருந்து இடப்பக்க வீச்சின்போது போய்ச் சேர்ந்து அதைப் பெரிதாக்கும். ஆகவே ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். காரை மட்டும் பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து டிரெய்லர் முட்டித் தள்ளும். அந்தத் தள்ளல் ஆட்டத்தை வளர்க்கும். அதற்கு மாறாக டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கினால் டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு, கயிறு விறைப்பது போல நேராகும். ஒன்டாரியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லர்களுக்குப் பிரேக் கட்டாயம். அவற்றில் மின் பிரேக் உள்ளவற்றுக்கு ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதில் கையால் தள்ளும் சிறு நெம்பும் இருக்கும். அந்த நெம்பை என் கை அன்று தேடவே இல்லை. இப்போது ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும், எங்கள் தெருமுனையில் 20 கி.மீ. வேகத்தில், பார்க்காமலே அதைத் தொட்டு ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன்; டிரெய்லர் பின்னால் இழுப்பது முதுகில் தெரிய வேண்டும். வேகத்தைக் கூட்டி ஆட்டத்திலிருந்து வெளியே வந்துவிடலாம் என்ற அறிவுரை இன்னும் உலவுகிறது. மாறுநிலை வேகத்தைத் தாண்டி மேலும் உள்ளே போவதைத்தான் அது செய்யும்.

இறக்கங்களில் இவை அனைத்தும் ஒன்றுகூடுகின்றன. வேகம் தானாகக் கூடும்; டிரெய்லர் காரைத் தள்ளும்; ஓட்டுநர் காரின் பிரேக்கை மிதிப்பார். ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியரில் இறங்க வேண்டும்.

போகும்போது பார்த்த கணக்கு திரும்பும்போது செல்லாது என்பதும் நினைவிருக்க வேண்டும். முகாமில் ஒரு வாரம் கழிந்த பிறகு நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாகியிருக்கும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பியிருக்கும், எங்கள் டிரெய்லரில் அது இன்னும் பின்னால் இருக்கிறது. முன்னால் அடுக்கியிருந்த அரிசியும் காய்கறியும் தீர்ந்திருக்கும்; நனைந்த கூடாரத் துணியும் ஈரக் காலணிகளும் கடைசியாக ஏற்றப்படுவதால் கதவோரம் பின்னால் கிடக்கும். அதனால் நாங்கள் முகாமிடும் கில்பேர் பூங்காவிலிருந்து கிளம்பும் காலையில் முதலில் கழிவுநீரை வெளியேற்றுமிடத்தில் காலிசெய்துவிட்டு, ஈரத்துணிகளை அச்சுக்கு மேலே நகர்த்திவிட்டு, காரை மாட்டுவதற்கு முன் அந்தக் குளியலறை எடைமானியை மீண்டும் ஜாக்கியின் கீழ் வைக்கிறேன். கடந்த ஆகஸ்டில் அது 151 காட்டியது. பின் அலமாரியிலிருந்த இரும்பு அடுப்பை எடுத்துப் படுக்கைக்கு அடியில் வைத்த பிறகு 158 ஆனது. அதற்குப் பிறகுதான் குண்டின்மீது கிண்ணத்தை இறக்கிப் பூட்டினேன்.